முதலில் அடுப்பு, பிறகு அறிவிப்பு

(திருச்சியில் உணவகத் தொழில் செய்வோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவகங்கள் பருவத்துக்குப் பருவம் விளம்பரத்தை எப்படித் திட்டமிடுவது என்று பேசச் சொன்னீர்கள். உணவகங்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பது என் வேலை. அதனால் நான் விளம்பரத்தைக் கல்லாவின் பக்கத்திலிருந்தும் சரக்கு அறையின் பக்கத்திலிருந்தும் பார்க்கிறவன். அங்கிருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். பருவத்தை நாம் உண்டாக்குவதில்லை. ஊர் தன் போக்கில் விரதம் இருக்கிறது, பாதயாத்திரை போகிறது, கல்யாணம் வைக்கிறது, சில மாதங்களில் கல்யாணத்தை நிறுத்திவைக்கிறது, பிள்ளைகளுக்கு லீவு விடுகிறது. அந்த நடமாட்டத்தைத் தெரிந்துகொண்டு அடுப்பை முன்கூட்டித் தயார் செய்தவருக்கு விளம்பரம் சின்ன வேலை. தயார் செய்யாதவருக்கு அது ஆபத்தான வேலை. நாமே கூட்டத்தை அழைத்து, நம் குறைகளை அந்தக் கூட்டத்துக்குக் காட்டுகிறோம்.

இந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து, இராப்பத்து. நடுவில் பரமபத வாசல் திறக்கும் வைகுண்ட ஏகாதசி. மாசிக் கடைசி ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரிதல், சித்திரையில் தேர். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறை நிறையும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வருவார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் பஸ்கள். இதற்கெல்லாம் "திருவிழாக் கூட்டம்" என்று ஒரே பெயர் வைத்து, எல்லாவற்றுக்கும் "சிறப்புச் சலுகை" என்று ஒரே அறிவிப்பு வைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வயிறு வேறு. சமயபுரத்துக்கு நடந்து வந்தவருக்குத் தேவை நீர்மோரும் உட்கார நிழலும். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போகிற குடும்பத்துக்குத் தேவை புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். அதுவும் காலை 9 மணிக்குள் பார்சலாக. ஐயப்ப பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தேவை 50 பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து அரை மணியில் எழுந்துவிடக்கூடிய பந்தி, பஸ் நிறுத்த இடம், சுத்தமான கழிப்பறை.

வைகுண்ட ஏகாதசியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஏகாதசியன்று வருகிறவர்களில் பெரும்பகுதி விரதக்காரர்கள். பலர் அன்று அரிசியைத் தொடமாட்டார்கள். அவர்களுக்கு முழுச் சாப்பாடு போட்டு என்ன பயன்? கோதுமை ரவை உப்புமா, சப்பாத்தி, பால், பழம் என்று அன்று அரிசி சேராத பலகாரம் வைத்திருக்கிற கடையைத் தேடி வருவார்கள். அதைவிட முக்கியம் மறுநாள். துவாதசி பாரணை விடியற்காலையில் முடிய வேண்டும். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சேர வேண்டும். புளி சேரக் கூடாது. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் வயதான தம்பதி இதற்கு எங்கே போவார்கள்? காலை 6 மணிக்கு இலை போட்டுத் துவாதசிச் சமையலைப் பரிமாறினால், அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் அறை பதிவு செய்யும்போதே உங்களுக்கும் போன் செய்யும். ஆனால் இதைத் துவாதசிக்கு முந்தைய நாள் தீர்மானிக்க முடியாது. அன்றைக்கு ஊர் முழுக்க எல்லோருக்கும் அகத்திக்கீரை வேண்டும். காந்தி மார்க்கெட்டில் கீரை போடுகிறவரிடம் பத்து நாள் முன்னாலேயே எத்தனை கட்டு என்று சொல்லி வைக்க வேண்டும். அதிகாலை 3 மணிக்கு அடுப்பு பற்றவைக்க ஆள் யார் என்று அதற்கும் முன்னால் பேசியிருக்க வேண்டும். கீரைக்காரரிடம் சொல்லி வைத்த அந்த நாள்தான் உங்கள் விளம்பரம் தொடங்கிய நாள் என்று நான் கணக்கில் எழுதுவேன்.

இதைச் செய்ய முதலில் வேண்டியது சரியான கணக்கு. நம்மில் பலர் போன அக்டோபர் விற்பனையையும் இந்த அக்டோபர் விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வியாபாரம் வளர்ந்தது, தேய்ந்தது என்று முடிவு கட்டுகிறோம். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. புரட்டாசி செப்டம்பர் 17, 18 வாக்கில் பிறந்து அக்டோபர் நடுவில் முடிகிறது. ஆக, 2023 அக்டோபரில் பாதி புரட்டாசி, தீபாவளி இல்லை. 2024 அக்டோபரில் பாதி புரட்டாசி, மீதிப் பாதி முழுக்கத் தீபாவளிச் சந்தை. இரண்டையும் ஒப்பிட்டு ஓர் இனிப்புக்கடை மகிழ்ந்தால் அது நாட்காட்டி கொடுத்த மகிழ்ச்சி. ரம்ஜான் நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. 2030-இல் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் நோன்பு தொடங்கும். ஆங்கில மாதத்தை மட்டும் பார்த்துக் கணக்கு வைப்பவருக்கு இது எதுவும் தெரியவராது.

ஆகவே நாள் கணக்கு எழுதும்போது ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் தமிழ்த் தேதியை எழுதுங்கள். அமாவாசையா, கிருத்திகையா, பிரதோஷமா, முகூர்த்த நாளா, பள்ளி லீவா, மழையா. ஆறு சின்னக் கட்டங்கள் போதும். கம்ப்யூட்டர் பில் எல்லாவற்றையும் தருகிறது, இதை மட்டும் தராது. கல்லாவில் இருப்பவர் கையால்தான் எழுத வேண்டும். இரண்டு ஆண்டு எழுதிவிட்டால் எந்த ஆலோசகரும் உங்களுக்குச் சொல்ல முடியாத விஷயங்கள் உங்கள் கையில் இருக்கும். அமாவாசையன்று மதியச் சாப்பாடு ஏன் குறைகிறது, முகூர்த்த நாளில் காலை டிபன் ஏன் விழுகிறது, அதே நாள் இரவில் ஏன் ஏறுகிறது என்பதெல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

அடுத்து, பலரும் பயப்படுகிற புரட்டாசிக்கு வருகிறேன். சைவக் கடைக்காரருக்கு அது நல்ல மாதம். அசைவக் கடைக்காரருக்கு அது கைமுதலைத் தின்கிற மாதம். அப்போது நடப்பது என்ன? புரட்டாசி இரண்டாவது வாரம் பயம் பிடித்துக்கொள்ள, சிக்கன் பிரியாணிக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி என்று அறிவிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பெருமாளுக்காக விரதம் இருக்கிறவர் தள்ளுபடிக்காக விரதத்தை விடுவாரா? விடமாட்டார். விரதம் இல்லாதவர் முழு விலை கொடுத்தே வந்திருப்பார். தள்ளுபடி முழுவதும் அவருக்குப் போகிறது. செயலி வழியாக விற்றால் கமிஷனும் அதற்கு மேல் போகிறது. நான் பார்த்த பல கணக்குகளில் புரட்டாசி நஷ்டத்தில் ஒரு நல்ல பங்கு விற்பனை குறைந்ததால் வந்ததில்லை, அந்தப் பயத்தில் கொடுத்த தள்ளுபடியால் வந்தது.

இதே சிக்கல் அமெரிக்காவில் ஒருவருக்கு வந்தது. ஓஹியோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் லூ குரோன் என்பவர் மெக்டொனால்ட்ஸ் கடை ஒன்றை நடத்திவந்தார். சுற்றிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். அந்தக் காலத்தில் அவர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணமாட்டார்கள். வெள்ளியன்று ஹாம்பர்கர் கடை வெறிச்சோடும். குரோன் மீன் வைத்து ஒரு சாண்ட்விச் செய்தார். நிறுவனத் தலைவர் ரே கிராக்குக்கு அது பிடிக்கவில்லை. அவர் இறைச்சிக்குப் பதில் அன்னாசித் துண்டு வைத்து வேறொன்றை முன்வைத்தார். 1962-ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று இரண்டையும் விற்றுப் பார்ப்பது என்று முடிவானது. மீன் 350 விற்றது. அன்னாசி 6 விற்றது என்று சொல்லப்படுகிறது. 1965-இல் அந்த மீன் சாண்ட்விச் அமெரிக்கா முழுவதும் போயிற்று, இன்றும் இருக்கிறது. குரோன் விலையைக் குறைக்கவில்லை. தன் வாசலுக்கு வரும் மனிதர் வெள்ளிக்கிழமை என்ன சாப்பிடலாம் என்று பார்த்தார். அன்னாசி ஏன் தோற்றது என்பதையும் கவனிக்க வேண்டும். அது விரதத்தை மீறவில்லை. ஆனால் பசியை ஆற்றவில்லை. விரதக்காரர்தானே, எதைக் கொடுத்தாலும் போதும் என்ற நினைப்பு அதில் இருந்தது.

நம் அசைவக் கடைகள் பலவற்றில் புரட்டாசிக்கு வைக்கிற சைவப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு அந்த அன்னாசிதான் நினைவுக்கு வருகிறது. கோபி மஞ்சூரியன், காளான் மசாலா, பன்னீர் பட்டர் மசாலா என்று எல்லாக் கடையிலும் கிடைப்பதையே வைக்கிறோம். உங்கள் கடைக்கு ஒருவர் பதினொரு மாதம் வருவது உங்கள் மாஸ்டரின் மசாலாவுக்காக. அந்த அரைப்பும் அந்த வறுப்பும்தான் அவருக்கு வேண்டும். மிளகு வறுவலில் சேனைக்கிழங்கு இருக்கட்டும். சீரகச் சம்பா பிரியாணியில் பலாக்காய் இருக்கட்டும். சுக்கா மசாலாவில் வாழைக்காய் இருக்கட்டும். இவை மாற்றுச் சரக்கு இல்லை. செட்டிநாட்டு வீடுகளிலும் கொங்குநாட்டு வீடுகளிலும் பெண்கள் காலகாலமாகச் செய்துவருகிற சமையல். ஆடி மாதத்திலேயே மாஸ்டரோடு உட்கார்ந்து நான்கு அயிட்டங்களைச் செய்துபார்த்து, வீட்டில் புரட்டாசி பிடிக்கிற பெரியவர்களை அழைத்துச் சாப்பிட வைத்து, உப்பு உறைப்பு கேட்டுத் திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. அதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிக் கல், தனி எண்ணெய், தனிக் கரண்டி வைக்க முடிந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். முடியாவிட்டால் சைவம் என்று எழுதாதீர்கள். விரதம் இருப்பவர் நம் சொல்லை நம்பி உட்காருகிறார். சிக்கன் பொரித்த எண்ணெயிலேயே அவருக்கு வாழைக்காய் பொரித்துக் கொடுப்பது துரோகம். தனி அடுப்பு உண்டு என்றால் அதை மறைக்க வேண்டாம். வாசலில் தெரியும்படி வையுங்கள். புரட்டாசிக்கு அதைவிட நல்ல விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. இத்தனையும் செய்தாலும் விற்பனை குறையத்தான் செய்யும். அந்தக் குறைவை ஒப்புக்கொண்டு, கடைக்கு வெள்ளை அடிப்பது, எக்ஸாஸ்ட் குழாயைக் கழுவுவது, ஆட்களுக்கு முறைவைத்து லீவு கொடுப்பது எல்லாவற்றையும் அந்த மாதத்தில் வைத்துக்கொள்வதே திட்டம். ஏனென்றால் ஐப்பசி முதல் ஞாயிறு வருகிறது. கறிக்கடைகளில் விடிவதற்கு முன் வரிசை நிற்கும் நாள் அது. அன்று உங்கள் ஆட்கள் களைத்திருக்கக் கூடாது.

ஆட்கள் என்றதும், யாரும் பேசாத ஒன்றைப் பேசியாக வேண்டும். நம் நாட்காட்டியைப் பார்க்கிறோம், வாடிக்கையாளரின் நாட்காட்டியைப் பார்க்கிறோம். வேலை செய்கிறவர்களின் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. இன்று நம் அடுப்படிகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பீகார்ப் பிள்ளைக்குத் தீபாவளியைவிடப் பெரியது சட் பூஜை. தீபாவளி முடிந்த ஆறாம் நாள். வங்காளப் பிள்ளைக்கு துர்கா பூஜை. நமக்கு ஆயுத பூஜைக் கூட்டம் வரும் அதே நாட்கள். அசாம்காரருக்கு பிஹு, நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வருவது. ஒடிசாவில் ஜூன் நடுவில் ரஜ பண்டிகை. புரோட்டா மாஸ்டர் தென் மாவட்டத்துக்காரர் என்றால் ஊர்க் கொடைக்குப் போவார். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவரை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ரயிலில் இப்போது 60 நாள் முன்னதாகத்தான் டிக்கெட் எடுக்க முடியும். 2024 நவம்பரிலிருந்து இந்த முறை. அப்படியென்றால் அந்தப் பையனின் லீவு 60 நாளுக்கு முன்பே முடிவாக வேண்டும். கடைசி வாரத்தில் "போகாதே" என்று சொன்னால் அவன் சொல்லாமல் போவான், திரும்பியும் வரமாட்டான். ஆயுத பூஜைக்கு "40 வகை பஃபே" என்று போர்டு வைத்துவிட்டு, அடுப்படியில் ஐந்து பேர் நின்ற கடையை எனக்குத் தெரியும். அன்று வந்தவர்கள் எழுதிய விமர்சனங்கள் இன்றும் கூகுளில் இருக்கின்றன.

கூட்டம் அதிகம் வருகிற நாளில் பட்டியலை நீட்டுவது நமக்குப் பழக்கம். குறைக்க வேண்டும் என்பது என் கட்சி. மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போது அழகர் வைகையில் இறங்கும் விடியலுக்கு முந்தைய இரவு முழுக்க மக்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சூடான இட்லி, பொங்கல், டீ, குடிக்கத் தண்ணீர். அந்த இரவில் எத்தனை தோசை வகை இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான்கு அயிட்டத்தை ஓயாமல் சூடாகக் கொடுக்கிற கடையில்தான் பந்தி நகரும். இதை எல்லாத் திருவிழாவுக்கும் சொல்லலாம்.

இன்னொன்று, விலை. திருவிழா நாளில் விலையை ஏற்றுகிறவர்களை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கேட்டால், அன்று காய்கறி விலை கூட, கூலி கூட என்பார்கள். உண்மைதான். அதற்குத்தான் பட்டியலைக் குறைக்கச் சொல்கிறேன். வீணாவது குறையும், அதில் ஈடுகட்டலாம். காலில் செருப்பில்லாமல் நடந்து வந்த குடும்பத்திடம் இட்லிக்கு இரட்டை விலை வாங்கினால் அந்தக் குடும்பம் ஊர் திரும்பி ஊருக்கே சொல்லும். தண்ணீர் இலவசமாகக் கொடுங்கள், சாப்பிடாதவருக்கும் கொடுங்கள்.

பருவம் என்பது விழா மட்டும் இல்லை. சந்தைக்கு என்ன வருகிறது என்பதும்தான். தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, மீன்பிடித் தடைக்காலம். பிள்ளைகளுக்குக் கோடை லீவு விட்டு, குடும்பமாக வெளியே சாப்பிட வருவதும் அதே நாட்களில். அப்போது வஞ்சிரத்தைப் பெரிதாகப் படம் போட்டு விளம்பரம் செய்தால், ஒன்று நஷ்டத்துக்கு விற்க வேண்டும், அல்லது பழைய மீனை விற்க வேண்டும். இரண்டும் வேண்டாம். நாட்டுப்படகில் வரும் சின்ன மீன்கள் உண்டு. கட்லா, ரோகு உண்டு. பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் இன்று நகரத்துப் பிள்ளைகளும் விரும்பிக் கேட்கிற கோடைச் சாப்பாடு. "தடைக்காலம், இன்று கிடைத்த மீன் இது" என்று கரும்பலகையில் எழுதி வைக்கிற கடையின் மேல் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. முருங்கைக்காய் கோடையில் மலிவு, மார்கழியில் கண்ணில் படாது. மொச்சை மார்கழியிலும் தையிலும்தான். திருநெல்வேலிப் பக்கம் பொங்கலை ஒட்டிச் சிறுகிழங்கு வரும். 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசு ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனி, ஆடியில் தக்காளி அடிக்கடி இப்படி விளையாடும் என்று தெரிந்தே, அந்த மாதங்களுக்குத் தக்காளித் தொக்கை மையமாக வைத்து ஒரு காம்போவை அச்சடிப்பது ஏன்?

தீபாவளிக்கு வருவோம். இனிப்புப் பெட்டி வியாபாரம் இப்போது சிறிய உணவகங்களுக்கும் வந்துவிட்டது. இதில் பணம் அலுவலகங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வரும் மொத்த ஆர்டரில் இருக்கிறது. அந்த ஆர்டர் யாருக்கு என்று புரட்டாசி பாதியிலேயே முடிவாகிவிடும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் சமூக வலைத்தளத்தில் படம் போடுகிறவருக்குக் கிடைப்பது சில்லறை மட்டும்தான். அச்சுத் தொழிலில் இருப்பவர்களைப் பாருங்கள். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டரின் மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டுவிடுகிறார்கள். ஐந்து மாதம் முன்னால்! ஆவணி முடிவதற்குள் எந்த நான்கு இனிப்பு, எந்த இரண்டு காரம் என்று தீர்மானியுங்கள். நெய், முந்திரி விலையைப் பேசுங்கள். அட்டைப் பெட்டிக்கு ஆர்டர் கொடுங்கள். புரட்டாசி முதல் வாரம் மாதிரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். போன ஆண்டு வாங்கியவரிடம் முதலில் போங்கள். போன ஆண்டு குறை சொன்னவரிடம் அதற்கும் முதலில் போங்கள்.

எதைப் பெட்டியில் வைப்பது என்பதும் திட்டம்தான். பால் இனிப்பு ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. அலுவலகத்தில் கொடுத்த பெட்டி ஊருக்குப் பஸ்ஸில் போய், வீட்டில் மூன்றாம் நாள் திறக்கப்படும். ஆகவே மைசூர்பாகு, லட்டு, அதிரசம், முறுக்கு, மிக்சர்தான் பெட்டிக்கு ஏற்றவை. பால் இனிப்பைக் கடையிலேயே விற்க வேண்டும். சில்லறையாகத் தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இது நாடு முழுவதும் கட்டாயம். பொரிக்கிற எண்ணெயில் சிதைந்த பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் விதி. தீபாவளி நெருக்கடியில் இந்த இரண்டும்தான் முதலில் காற்றில் பறக்கின்றன. கடைசியாக, ஆர்டரை நிறுத்துகிற நாளை முன்பே குறித்துவிடுங்கள். உங்கள் வாணலிக்கு ஒரு நாளில் எத்தனை கிலோ முடியும் என்று மாஸ்டருக்குத் தெரியும். அதற்கு மேல் வாங்குகிற ஒவ்வொரு ஆர்டரும் அடுத்த ஆண்டு ஆர்டரைக் கெடுக்கும். "இந்த ஆண்டு முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு முன்னதாகச் சொல்லுங்கள்" என்று சொல்கிற கடைக்கு அடுத்த ஆண்டு முன்னதாகவே சொல்வார்கள்.

பருவத்தை நாம் உண்டாக்குவதில்லை என்றேன். உடனே யாராவது ஜப்பானைச் சொல்வார்கள், நியாயமான கேள்விதான். அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. ஆனால் கிறிஸ்துமஸ் இரவு கேஎஃப்சி கடைகளில் வரிசை நிற்கிறது. வாரக்கணக்கில் முன்னதாகவே ஆர்டர் கொடுத்து வைக்கிறார்கள். அந்த நிறுவனம் 1970-இல் நாகோயாவில் முதல் கடை திறந்து, 1974-இல் நாடு முழுக்கச் செய்த விளம்பரத்தின் விளைவு இது. ஒரு பருவத்தையே விளம்பரம் படைத்துவிட்டதே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிறிஸ்துமஸ் விளக்கும் மரமும் கேக்கும் அதற்கு முன்பே ஜப்பானியக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டன. கொண்டாட மனம் இருந்தது. அன்று இரவு குடும்பமாக உட்கார்ந்து இதைச் சாப்பிடுவது என்ற வழக்கம் மட்டும் இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் அவர்கள் உட்கார்ந்தார்கள். ஹைதராபாத் உணவகங்களையும் பாருங்கள். ரம்ஜானில் பகல் வியாபாரம் படுத்துவிடும். அவர்கள் இரவைப் பிடித்தார்கள். கடை வாசலிலேயே அடுப்புக் கட்டி, கோதுமையும் இறைச்சியும் மணிக்கணக்கில் கடைந்து, ஹலீமை எல்லா மதத்தாரும் அந்த மாதத்துக்காகக் காத்திருக்கும் பண்டமாக ஆக்கினார்கள். 2010-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சென்னை டிசம்பர் இசைவிழாவில் சபா கேன்டீன்களுக்கு, கச்சேரி டிக்கெட் இல்லாதவர்களும் இலைச் சாப்பாட்டுக்காகவே போகிறார்கள். மூன்றிலும் மக்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். சமைத்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

இனி விளம்பரம். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஐயப்ப பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் குருசாமியும் டிரைவரும். அவர்களிடம் பேசுங்கள், கார்த்திகைக்கு முன்பே. அலுவலக ஆர்டருக்கு நேரில் போங்கள். பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு ஐந்தாறு முறைக்கு மேல் அனுப்பாதீர்கள். அனுப்பும்போது என்ன, எந்த நாள், என்ன விலை, எப்போதுக்குள் சொல்ல வேண்டும் என்ற நான்கையும் எழுதுங்கள். பண்டிகை நாளில் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைக் கூகுளில் மாற்றி வையுங்கள். பொங்கலன்று பூட்டிய கடை வாசலில் வந்து நிற்கிற வெளியூர்க் குடும்பம் மறுபடி வராது. புதிய அயிட்டத்தைச் சப்ளையர்கள் எல்லோரும் ஒரு முறையாவது சாப்பிட்டிருக்க வேண்டும். "இன்றைக்கு என்ன நல்லா இருக்கும்?" என்று கேட்பவருக்குச் சப்ளையர் மனதாரச் சொல்லும் பதிலுக்கு ஈடான விளம்பரம் எதுவும் இல்லை.

உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். இந்த வாரம் ஒரு நாள், மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு, சரக்கு மாஸ்டர், டீ மாஸ்டர், கல்லாவில் இருப்பவர், மார்க்கெட்டுக்குப் போகிறவர், பாத்திரம் கழுவும் அம்மா, வெளிமாநிலப் பிள்ளைகளில் ஒருவர் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். வரப்போகும் ஆறு மாதத்தில் யார் ஊருக்குப் போகிறார்கள், எது மலிவாக வரும், யார் வாசலுக்கு வருவார்கள் என்று அவர்களைச் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். எழுதிய தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு அச்சகத்துக்குப் போங்கள்.